முன்வாசல் ஏன் மூடியிருந்தது

பள்ளிக்கூட வரலாறை எழுதிக் குடுங்க டீச்சர்னு ஹெச்.எம் சார் சொன்னப்ப எனக்குச் சுர்ருன்னுதான் வந்துச்சு. வரலாறு நடத்துறேன்கிறதுக்காகப் பள்ளிக்கூட வரலாறும் என் தலையிலயா? நான் பாட்டுக்கு அசோகரு, அக்பருன்னு போய்க்கிட்டு இருக்கிற ஆளு. "ரெண்டு பக்கம் போதும் டீச்சர், ஆண்டு மலருக்குத்தான். போன தடவை மலர்ல இருக்கிறதைப் பாத்து அப்படியே எழுதிருங்க"ன்னாரு. போன தடவை மலரை எடுத்துப் பாத்தா, அது அதுக்கு முந்தின மலரைப் பாத்து எழுதினது. அதுவும் அதுக்கு முந்தினதைப் பாத்து. எல்லாத்துலயும் 'ஆலமரமெனத் தழைத்து நிற்கும்'னு ஒரே வரி. எங்க பள்ளிக்கூடத்துல ஆலமரமே கிடையாது. வேம்பும் புங்கையும்தான் இருக்கு.

மதுரைக்கு மேற்கே, ஊரு முடிஞ்சிருச்சா வயக்காடு ஆரம்பிச்சிருச்சான்னு சொல்ல முடியாத எடத்துல இருக்கு எங்க அரசு மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரைக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஏ, பி, சின்னு நீண்டுக்கிட்டே போகும் பிரிவு. சோழவந்தான் பக்கம் கொடிக்கால்ல விடிகாலையில வெத்தலை கிள்ளிக் குடுத்துட்டு, நகக்கண்ணுல பச்சைக் கறையோட பஸ் ஏறி வர்ற பிள்ளையும் இங்கதான் படிக்குது. நாகமலை புதுக்கோட்டையில யுனிவர்சிட்டி ஆபீஸ்ல வேலை பாக்கிறவரு மகனும் இங்கதான் படிக்கிறான். மழை பேஞ்சா பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகும், புது மாடிக் கட்டடம் சுவரு ஊறும். அப்படியும் ஜூன் மாசம் அட்மிஷனுக்கு வந்து பாருங்க, வேப்பமரத்தடியில நிக்க எடம் இருக்காது.

இம்புட்டுப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒரு முன்வாசல் இருக்கு. மெயின் ரோட்டைப் பாத்து ரெண்டு தூணு, மேல வளைவு, வளைவுல பள்ளிக்கூடத்துப் பேரு, கீழே லாரி நுழையிற அகலத்துக்கு இரும்புக் கேட்டு. அதை மட்டும் திறக்கிறதே இல்லை. கம்பியில கோவைக்கொடி ஏறிக் காய்ச்சுத் தொங்கும். கேட்டு மேல கட்சி போஸ்டரு, கண்ணீர் அஞ்சலி, பூப்புனித நீராட்டு விழா எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி அட்டை மாதிரி தடிச்சுப் போய்க் கிடக்கும்.

பிள்ளைகள்லாம் சந்துக்குள்ள சுத்திப் போயி பக்கவாசல்ல நுழையணும். பக்கவாசல்னா சாக்கடை மேல கல்லைப் போட்டு, படி ஏறி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நுழையிற சின்னக் கேட்டு. காலையில மணி அடிக்கிற நேரத்துக்கு அங்க ஒரு தள்ளுமுள்ளு நடக்கும் பாருங்க, பி.டி சார் விசிலை ஊதி ஊதியே அவரு கன்னம் ரெண்டும் உப்பிப் போச்சு. டீச்சர்மாரு ஸ்கூட்டி, சத்துணவு முட்டை வண்டி, புத்தகம் ஏத்திக்கிட்டு வர்ற வேனு எல்லாம் பின்னாடி கண்மாய்க் கரையைச் சுத்தி, மைதானத்து வழியா வரும்.

நானும் இதே பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். ஆறாப்பு சேந்ததுல இருந்து பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் அந்தப் படியிலதான் ஏறி இறங்கினேன். பிறகு வேலைக்கும் இங்கயே வந்து சேந்தேன். ஒருநாளாவது, அந்தக் கேட்டு ஏன் பூட்டியிருக்குன்னு எனக்குத் தோணியிருக்கா? தோணல. பூட்டினதைப் பாத்தே வளந்துட்டா, அது அப்படித்தான்னு நெனைச்சுக்கிறோம் போல.

அதைக் கேட்டது என் பிளஸ் ஒன் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அந்த வருசம்தான் புதுசாச் சேந்தவ. பிறவியிலயே ரெண்டு காலும் நடக்க வராது. கையால பெடல் சுத்தி ஓட்டுற மூணு சக்கர வண்டியிலதான் வருவா. பத்தாப்பு வரைக்கும் வீட்டுப் பக்கத்துலயே சின்ன ஸ்கூலு, வாசல் ரோட்டு மட்டத்துலயே இருந்திருக்கு. அதுக்கு மேல படிக்கணும்னா எங்ககிட்டதான் வந்தாகணும். வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி அவளுக்கு. வரலாறுல மட்டும் கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பா. எனக்கு அவளைப் பிடிச்சுப் போனதுக்கு அதுதான் காரணம்.

அவ அப்பா டைல்ஸ் ஒட்டுற வேலைக்குப் போறவரு. காலையில மகளுக்குப் பின்னாடியே மொபெட்ல வந்து, பக்கவாசல் படியில முதல்ல அவளைத் தூக்கிக் கொண்டு போயி உள்ள உக்கார வச்சுட்டு, திரும்ப வந்து வண்டியைத் தூக்கிக்கிட்டுப் போவாரு. சாயங்காலம் பாதி வேலையில விட்டுட்டு வந்து மறுபடியும் அதே மாதிரி இறக்கணும். வகுப்புப் பிள்ளைக வண்டியைத் தூக்க ஓடிவருவாளுக, அதுக்கு விடுவா. அவளைத் தொட மட்டும் விட மாட்டா. ஒருநாள் அப்பா வர லேட்டாச்சுன்னு பி.டி சார் பரிதாபப்பட்டு, "வாம்மா, நான் தூக்கி விடுறேன்"னு குனிஞ்சிருக்காரு. "நான் என்ன கேஸ் சிலிண்டரா சார், ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போக?"ன்னுட்டா. மனுசன் விசிலை வாயில வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாரு.

பின்வாசல் வழியா வரக்கூடாதான்னு கேப்பீங்க. அதுலயும் அவ வந்து பாத்துட்டா. ஒரு தூறல் விழுந்த அன்னைக்குக் கண்மாய்க் கரைச் சகதியில சக்கரம் புதைஞ்சு, ஆட்டுமந்தைக்கு நடுவுல உக்காந்திருந்தா. அவங்க அப்பா போய் இழுத்துட்டு வந்தாரு.

ஒருநாள் சாயங்காலம் அவரு என்கிட்ட வந்து நின்னாரு. கையில சிமெண்டுப் பாலு காஞ்சு வெள்ளையாக் கெடந்துச்சு. "டீச்சர், இங்க அரைநாள் வேலைக்கு எவனும் கூப்பிட மாட்டேங்கிறான். எங்க மேஸ்திரி டீமு தீபாவளி முடிஞ்சு கோயம்புத்தூருக்குப் போறாங்க, பெரிய அபார்ட்மெண்டு வேலை. நானும் போயே ஆகணும். அவ ஆத்தாளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாச்சு, வெயிட்டுத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் போயிட்டா இவ நின்னுருவா டீச்சர். வீட்ல இருந்து படிச்சு பிரைவேட்டா எழுதட்டும்னு சொல்லிப் பாத்தேன். ரெண்டு நாளா என்கூடப் பேச மாட்டேங்கிறா"ன்னாரு. பாப்போம்ணேன்னு சொல்லி அனுப்பினேன். பாப்போம்கிறது எம்புட்டு வசதியான வார்த்தை!

மறுநாள்தான் அவ கேட்டா. பாடத்துல சந்தேகம் இருந்தாக் கேளுங்கன்னேன். கையைத் தூக்கினா. "டீச்சர், நம்ம பள்ளிக்கூடத்து முன்வாசல் ஏன் டீச்சர் மூடியிருக்கு? அது வழியா வந்தா படியே கிடையாது. ரோட்டுல இருந்து நேரா சாய்தளம்."

போயிப் பாத்தேன். அவ சொன்னது சரிதான். சர்க்காரு உத்தரவுன்னு ஒவ்வொரு கட்டடத்துக்கும் சாய்தளம் கட்டி, பளபளன்னு எவர்சில்வர் கைப்பிடி வச்சிருக்கு. அந்தச் சாய்தளம் முன்வாசலைப் பாத்துத்தான் இறங்குது. சாய்தளம் இருக்கு, சாய்தளத்துக்கு வர்றதுக்குத்தான் வழி இல்லை. அதுல சைக்கிளை நிறுத்தி வச்சிருந்தானுக பயலுக.

நேரா ஹெச்.எம் ரூமுக்குப் போனேன். எங்க ஹெச்.எம் சார் நல்ல மனுசன். ஆனா பயந்த மனுசன். ஒரு ஜன்னலுக்குக் கொண்டி போடணும்னாலும் மேல கேட்டுத்தான் போடுவாரு. "டீச்சர், அந்தக் கேட்டைத் திறக்கிற வழக்கம் இல்லை"ன்னாரு.

"ஏன் சார்?"

"ஏதாவது காரணம் இருக்கும்ல?"

"என்ன காரணம் சார்?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்குத் தெரியும். நான் சார்ஜ் எடுக்கும்போதே, அது திறக்கிறதில்லை சார்னு சொல்லித்தான் குடுத்தாங்க. காரணம் தெரியாமத் திறந்து, நாளைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா யாரு டீச்சர் பதில் சொல்றது? நீங்கதான் வரலாறு எழுதுறீங்கள்ல, காரணத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. பிறகு பாப்போம்." அவரும் பாப்போம்னுதான் சொன்னாரு.

சரி, கண்டுபிடிச்சிருவோம்னு எறங்கிட்டேன். நெசமாவே எனக்கு ஆசை வந்துருச்சு. இம்புட்டு நாளாத் தெரியாம இருந்தது, இப்பத் தெரியாட்டித் தூக்கம் வராது போல ஆகிப்போச்சு.

ஸ்டாஃப் ரூம்ல கேட்டேன். அடேயப்பா! ஆளுக்கொரு காரணம் ரெடியா வச்சிருக்காங்க. "லாரி ஆக்சிடெண்டு டீச்சர். ஸ்கூலு விட்டதும் பிள்ளை ரோட்டுக்கு ஓடிருச்சு. அதுக்கப்புறம் பூட்டினதுதான்"னாரு பி.டி சார். எந்தப் பிள்ளை, யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேட்டா தெரியல. தமிழய்யா தொண்டையைச் செருமிக்கிட்டு, "வாஸ்தும்மா. தெற்கு பாத்த வாசல். ஒரு ஹெச்.எம்முக்கு அடுத்தடுத்துக் கஷ்டம், ஜோசியரு அடைக்கச் சொல்லிட்டாரு"ன்னாரு. நான் மொபைல்ல திசைகாட்டியைப் போட்டுக் காட்டினேன். வாசல் கிழக்குப் பாத்து இருக்கு. "அப்பக் கிழக்குதான் ஆகாது போல"ன்னு அவரு அசரவே இல்லை. ஆபீஸ் கிளார்க்கு, "ஸ்டிரைக்கு மேடம். பயலுக கல்லெறிஞ்சானுக, போலீஸ் வந்துச்சு"ன்னு அடிச்சுச் சொன்னாரு. நீங்க பாத்தீங்களான்னேன். நான் அப்பப் பொறக்கவே இல்லையேன்னு சிரிக்கிறாரு மனுசன்.

கேட்டுக்கு எதிர்த்தாப்ல டீக்கடை வச்சிருக்கிற அண்ணே கிட்டயும் கேட்டேன். அவரு கிளாஸைக் கழுவிக்கிட்டே அக்கம்பக்கம் பாத்துட்டு, "அது காத்துக் கருப்புச் சமாச்சாரம் டீச்சர். பகல்ல பேச வேணாம்"னாரு. ராத்திரியில பேசலாமாண்ணேன்னேன். ராத்திரி பேசவே கூடாதுன்னாரு. நல்ல கதையா இருக்கே!

ஆனா ஒண்ணு கவனிச்சேன். எல்லாரும் கதையைச் சொல்லும்போது அப்படி ஒரு நம்பிக்கையாச் சொன்னாங்க. ஒருத்தராவது தெரியலைன்னு சொல்லல. எனக்கு அதுதான் ஆச்சரியமா இருந்துச்சு. எங்க வகுப்புப் பிள்ளைககூட பதில் தெரியாட்டி எந்திரிச்சு நின்னு முழிக்கும். பெரியவங்களுக்கு முழிக்கவே தெரியல.

நான் படிக்கையில ஹெச்.எம்மா இருந்த சார் இப்ப சோழவந்தான்ல இருக்காரு. ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன். கொடிக்காலுக்குள்ள கட்டிலைப் போட்டு உக்காந்திருந்தாரு. உள்ள நுழைஞ்சதுமே வெயிலு போன எடம் தெரியாமக் குளுந்துருச்சு. "வா தாயி, நீ எந்த செட்டு?"ன்னாரு. சொன்னேன். அவருக்கு என்னைய ஞாபகம் இல்லை, ஆனா ஞாபகம் இருக்கிற மாதிரியே தலையை ஆட்டினாரு. விசயத்தைச் சொன்னதும் அந்தக் கட்டிலு ஆடுற மாதிரி சிரிச்சாரு.

"அட, அதை நான் பூட்டல தாயி. நான் ஜாயின் பண்ணும்போதே பூட்டித்தான் கெடந்துச்சு."

"ஏன்னு கேக்கலையா சார்?"

"கேட்டேன். திறக்கிறதில்லை சார்னாங்க. சரின்னுட்டேன். புதுசா வந்த எடத்துல வந்ததும் வராததுமா எதைக் கெளர்றது? எனக்கு முன்னாடி கொஞ்ச நாளு ஒரு டீச்சரம்மா இன்சார்ஜா இருந்தாங்க. வாடிப்பட்டியில இருக்காங்கன்னு கேள்வி. அவங்களைக் கேளு, தெரியும்." கிளம்பும்போது ஒரு கவுளி வெத்தலையை மடக்கிக் குடுத்தாரு. எங்க வீட்ல வெத்தலை போடுற ஆளே இல்லை. வேணாம்னு சொல்ல மனசு வரல.

அடுத்த ஞாயிறு வாடிப்பட்டி. கோயிலு முடிஞ்சு டீச்சரம்மா வீட்டுக்கு வர்ற நேரமாப் பாத்துப் போனேன். அந்தம்மா ஒரு மிஷன் ஸ்கூல்ல படிச்சு, சர்க்கார் வேலைக்கு வந்தவங்க. வெள்ளைச் சேலை, கையில பைபிள், பேச்சுல ஒரு அதட்டல். "எந்த ஸ்கூலும்மா? ஓ, அங்கயா!"ன்னு சந்தோசமாக் காபி போட்டுக் குடுத்தாங்க. அந்தக் காலத்து ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், பெண் பிள்ளைகளுக்குக் கக்கூசு கட்டச் சொல்லிச் சண்டை போட்டது எல்லாம் சொன்னாங்க. பிறகு நான் மெதுவா முன்வாசலைப் பத்திக் கேட்டேன்.

"முன்வாசலா? அதுக்கென்ன?"

"அதை ஏன் டீச்சர் பூட்டினாங்க?"

"நான்தாம்மா பூட்டச் சொன்னேன்"னாங்க, ரொம்பச் சாதாரணமா. "வாசலுக்கு முன்னால சாக்கடைப் பாலம் வேலை நடந்துச்சு. பெரிய பள்ளமாத் தோண்டிப் போட்டுட்டானுக. பிள்ளைக விழுந்துறக் கூடாதேன்னு, பாலம் முடியிற வரைக்கும் சந்து வழியா வாங்கன்னேன். சந்துப் பக்கம் சுவரை இடிச்சு, சின்னதா ஒரு கேட்டு போட்டுக் குடுத்தேன். ஒரு பத்து நாளைக்குத்தான்."

"பிறகு?"

"பிறகென்ன, பாலம் முடியிறதுக்குள்ள எனக்கு மாறுதல் வந்துருச்சு. ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டுட்டாங்க." சொல்லிக்கிட்டே வந்தவங்க டக்குன்னு நிறுத்தினாங்க. என் முகத்தைப் பாத்தாங்க. "ஏம்மா, அதை இன்னுமா திறக்கல?"

நான் தலையை ஆட்டினேன். அந்தம்மா காபி டம்ளரைக் கீழே வச்சுட்டு ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டாங்க. சிரிக்கிறாங்கன்னுதான் முதல்ல நெனைச்சேன். சிரிப்பும் இருந்துச்சு, அதோட வேற என்னமோவும் இருந்துச்சு. "ஆண்டவரே, பிறகு வந்தவங்க யாருக்காவது திறக்கத் தோணலையா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. யாருக்கு டீச்சர் தோணும்? பூட்டச் சொன்ன ஆளு மாறிப் போயாச்சு. வந்தவங்க, பெரிய காரணம் இல்லாமலா பூட்டியிருப்பாங்கன்னு நெனைச்சுக்கிட்டாங்க. காரணம் தெரியாததுனாலயே ஆளுக்கொரு காரணம் வச்சுக்கிட்டாங்க. லாரி, வாஸ்து, போலீஸ், காத்துக் கருப்பு எல்லாம் அந்தப் பத்து நாளு பள்ளத்துல இருந்து முளைச்சதுதான். ஸ்கூட்டியில திரும்பி வரும்போது திண்டுக்கல் ரோட்டுல தனியாச் சிரிச்சுக்கிட்டே வந்தேன். பாத்தவங்க என்ன நெனைச்சாங்களோ.

திங்கக்கிழமை ஹெச்.எம் சார்கிட்ட சொன்னேன். அவரு நாற்காலியில நல்லா நிமிந்து உக்காந்தாரு. "அம்புட்டுத்தானா?"ன்னாரு. அம்புட்டுத்தான் சார்னேன். எந்திரிச்சு ஜன்னல் வழியா அந்தக் கேட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு. "அப்பத் திறந்துருவோம் டீச்சர்"னாரு. அவரு வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு.

வகுப்புல போயிச் சொன்னேன். பிள்ளைக பெஞ்சைத் தட்டி ஒரே ஆரவாரம். அவ மட்டும் சத்தம் போடல. "எப்ப டீச்சர்?"ன்னு மட்டும் கேட்டா. தீபாவளிக்கு முன்னாடின்னேன். "எங்கப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு"ன்னா. அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தை ஆரம்பிச்சிருச்சுன்னு தெரிஞ்சது.

சாவியைத் தேடினா கிடைக்கல. கிடைச்சாலும் அந்தப் பூட்டுக்குள்ள எது நுழையும்? வெல்டரைக் கூட்டிவந்து அறுக்கலாம்னு முடிவாச்சு. அந்த எடத்துலதான் பெற்றோர் ஆசிரியர் கழகத்துத் தலைவரு, அதான் பி.டி.ஏ தலைவரு, உள்ள வந்தாரு. "இம்புட்டு வருசம் கழிச்சுத் திறக்கிறோம், சும்மா திறந்தா எப்படி சார்? ஒரு விழா வைப்போம்"னாரு. பெயிண்டு அவரு செலவு. கவுன்சிலரு வந்து ரிப்பன் வெட்டணும். வாடிப்பட்டி மேளம் சொல்லியாச்சு. நல்ல நாளு பாத்தாச்சு, தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஹெச்.எம் சாருக்கு இப்பப் பயம் போயி உற்சாகம் பிடிச்சுக்கிருச்சு. "டீச்சர், நீங்க எழுதின வரலாறை மேடையில வாசிக்கிறீங்க"ன்னாரு. எனக்கும் உள்ளுக்குள்ள குளுகுளுன்னுதான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

அன்னைக்குக் காலையில போயிப் பாத்தா எங்க பள்ளிக்கூடமா இதுன்னு இருந்துச்சு. போஸ்டரையெல்லாம் சுரண்டி, கேட்டுக்கு நீலப் பெயிண்டு அடிச்சு, ரெண்டு தூண்லயும் குலை தள்ளின வாழை மரம் கட்டி, மேளம் காதைப் பொளக்குது. கவுன்சிலரு வந்தாரு, வெட்டினாரு, கேட்டு கிரீச்சுன்னு கத்திக்கிட்டே திறந்துச்சு. பிள்ளைக போட்ட சத்தத்துல வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்துருச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மேடையை எங்க போட்டாங்கன்னு சொல்லலையே. வாசல்ல இருந்து உள்ள வர்ற பாதையிலதான். நிழலு அங்கதான் விழுதாம். பாதையை அடைச்சு மேடை, மேடைக்கு முன்னால, கேட்டு வரைக்கும், கேட்டுக்கு வெளியிலயும் கொஞ்சம், வரிசை வரிசையாச் சேரு. பந்தக்காலு ஊண்டினது சாய்தளத்து ஓரத்துல. பிள்ளைகளை முன்னாடியே பக்கவாசல் வழியா உள்ள விட்டு, மேடைக்கு ரெண்டு பக்கமும் தரையில உக்கார வச்சாச்சு. கவுன்சிலரும் கூட வந்தவங்களும் மட்டும் சேருக்கு ஓரமா ஒத்தையடியா நடந்து மேடைக்கு வந்தாங்க. விழான்னா எங்க ஊர்ல இப்படித்தான். யாருக்கும், எனக்கும்தான், அதுல ஒண்ணும் தப்பாப் படல.

மைக்கைப் பிடிச்சு நான் வாசிச்சேன். ஓட்டுக் கட்டடம், வேப்பமரம், வாடிப்பட்டி டீச்சரம்மா, பத்து நாளு பள்ளம். கைதட்டு விழுந்துச்சு. பி.டி சாரே விழுந்து விழுந்து சிரிச்சாரு. வாசிச்சுக்கிட்டே பிளஸ் ஒன் பிள்ளைக பக்கம் கண்ணை ஓட்டினேன். அவளைக் காணோம். மறுபடியும் பாத்தேன். மூணு சக்கர வண்டியும் இல்லை. எனக்கு எரிச்சலாப் போச்சு. யாருக்காக இம்புட்டும்? இன்னைக்குப் போயி லீவு போடுவாளா? 'இன்று காலை நம் பள்ளியின் முன்வாசல் திறக்கப்பட்டது'ன்னு கடைசி வரியை வாசிச்சு முடிக்கும்போது பாதி மனசு அவ மேல கோவத்துலதான் இருந்துச்சு.

அதுக்குப் பிறகு கவுன்சிலரு பேசினாரு. பி.டி.ஏ தலைவரு பேசினாரு. பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துருச்சு. பிள்ளைகளைக் கேசரியும் மிச்சரும் வாங்க மைதானத்துப் பக்கம் அனுப்பினாங்க. பந்தல்காரங்க சேரை அடுக்க ஆரம்பிச்சாங்க. நான் கேசரி குடுக்கிற எடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு, ஒரு டீ குடிக்கலாம்னு வாசலுக்கு வந்தேன். டீக்கடைக்குப் பக்கத்துல அவ அப்பா நின்னுக்கிட்டு இருந்தாரு. காலடியில கோயம்புத்தூருக்குக் கட்டின பையி. தீபாவளி வரைக்கும் மேஸ்திரி பொறுக்கல போல.

"என்னண்ணே, எங்க உங்க மக? ஏன் வரல?"ன்னேன். குரலு கொஞ்சம் சூடாத்தான் வந்திருக்கும்.

"காலையில இருந்து இங்கதான டீச்சர் இருந்தோம். உள்ள போக வழியில்லையே, சேரா இருந்துச்சு. சந்துப் பக்கமாத் தூக்கிட்டுப் போறேன் வாடான்னேன். மாட்டேன்னுட்டா. வெயிலு ஏறிருச்சு, டீக்கடை அண்ணே அவரு குடையைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தாரு. மேளம் அடிக்கும்போதும் இங்கதான், நீங்க பேசும்போதும் இங்கதான். இப்பத்தான் சேரை எடுத்தாங்க. எடுத்ததும் மேடைக்கு ஓரமாக் கிளம்பிட்டா. நானும் பின்னாடியே போனேன். நீ வராதப்பா, இங்கயே நின்னுக்கோன்னுட்டா." சொல்லிக்கிட்டே அந்த மனுசன் கேட்டு வழியா உள்ளயே பாத்துக்கிட்டு இருந்தாரு. காலு மட்டும் வெளியிலயே நின்னுச்சு. "உள்ள வாங்கண்ணே, கேசரி இருக்கு"ன்னேன். "இல்ல டீச்சர், வராதன்னு சொல்லிட்டா"ன்னு திரும்பவும் சொன்னாரு. அவருக்கு அழுகை வந்துருச்சு. எனக்கு டீ வேணாம்னு போச்சு.

வகுப்புக்கு ஓடினேன். அவ மட்டும் தனியா உக்காந்திருந்தா. முகமெல்லாம் வேர்வை, யூனிபாரம் முதுகோட ஒட்டிப் போயிருந்துச்சு. வண்டிச் சக்கரத்துல வாழை நாரு சுத்தியிருந்துச்சு, அதைப் பிரிச்சுக்கிட்டு இருந்தா.

"ஏன்டி, அங்கயே இருந்து ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? இல்லாட்டி அப்பா தூக்கிட்டு வந்திருப்பாருல்ல?"

"இன்னைக்குமா டீச்சர்?"ன்னா.

நானும் குனிஞ்சு அந்த நாரைப் பிரிக்க ஆரம்பிச்சேன். அவதான் பேசினா. "நீங்க வாசிச்சதை ரோட்டுல இருந்து கேட்டேன் டீச்சர். நல்லா இருந்துச்சு. ஆனா கடைசி வரி தப்பு. இன்று காலை திறக்கப்பட்டதுன்னு நீங்க வாசிக்கும்போது நான் வெளிய இருந்தேன். மலர்ல போடுறதுக்கு முன்னாடி அதை மாத்திருங்க."

மாத்திட்டேன். ஹெச்.எம் சார் படிச்சுட்டுக் கவுன்சிலரு கோவிச்சுக்குவாரேன்னு ரொம்ப யோசிச்சாரு. கோவிச்சுக்கட்டும் சார்னேன். அச்சாகி வந்த மலர்ல, ஆலமர வரி இருந்த எடத்துல இப்ப இதுதான் இருக்கு: 'நம் பள்ளியின் முன்வாசல் தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மதியம், நாற்காலிகளை எடுத்த பிறகு திறந்தது. முதலில் உள்ளே வந்தவர் பதினொன்றாம் வகுப்பு மாணவி. அவரை யாரும் தூக்கி வரவில்லை.'